மிஷினுக்குக் கழட்டிய காப்பு

திருநகரிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது வயதுக்காரர், இடது புருவத்தில் போட்ட தையலைப் பிரிக்கப் போகிறார். பக்கத்தில் இளையவர், மணிக்கட்டில் கனத்த வெள்ளிக் காப்பு. இருவரும் ஒரே கராத்தே வகுப்பு.

"அழகர் வந்து என் புருவத்தைக் கேட்டாரா மாப்ள?"

"கேலி பண்ணாதீங்கண்ணே. அவருக்கு வேண்டிப் போட்ட காப்பு. கழட்டக் கூடாது."

"சண்டை பழகும்போது கையில எதுவும் கிடக்கக் கூடாதுன்னு மாஸ்டர் எம்புட்டுத் தடவை சொன்னாரு? நான் கோயில் கயித்தைக்கூட அவுத்து வச்சுட்டுத்தான் நின்னேன். எனக்குச் சாமி இல்லையா?"

"தப்புத்தாண்ணே."

"ஒரு விரக்கடை கீழ பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்னாரு டாக்டரு."

"அழகர் காப்பாத்திட்டாருல்லண்ணே."

"அவரு காப்பாத்துனாரு. அடிச்சது நீதான? சரி, முதுகு வலின்னு ஸ்கேன் எடுத்தியே, அப்ப?"

"அப்பக் கழட்டுனேன். மிஷினுக்கு ஆகாதுன்னாங்க."

"மிஷினுக்கு ஆகாதுன்னா கழட்டுவ. என் கண்ணுக்கு ஆகாதுன்னா கழட்ட மாட்ட."

சாமிக்கு வேண்டிப் போட்ட காப்பு என் கையிலும் கிடக்கிறது. சட்டைக் கையை மெல்ல இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"அடுத்த மாசமும் மாஸ்டர் உன்கூடத்தான் ஜோடி போட்டிருக்காரு. காப்போட வந்தியன்னா நான் வகுப்பையே விட்டுடுவேன்."

இளையவர் காப்பைத் திருகிப் பார்த்தார்.

"அழகர் கோவிச்சுக்கிட்டா?"

"என்கிட்ட அனுப்பு. தழும்பைக் காட்டுறேன்."