ஒற்று மிகும் இடம்

எந்தக் கணினியில் எந்தக் கோளாறு என்று கூப்பிட்டாலும், முதலில் ஒரு முறை அணைத்துவிட்டுப் போடச் சொல்வேன். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். மீதிப் பேரிடம் நேரில் போவேன். பதிப்பகத்தில் என் வேலை அதுதான். பள்ளிப் பிள்ளைகளுக்கு அகராதியும் பயிற்சி நூலும் போடுகிற இடம். மாடிக்கு மாடி கணினி. அத்தனைக்கும் நான் ஒருவன்.

நடந்ததை என் போக்கிலேயே எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

எல்லாக் கணினிகளிலும் புதிய இயங்குதளத்தை ஏற்றும்படி மேலாளர் சொன்னார். ஏற்றினேன். மறுநாள் காலை பழைய கோப்புகள் பாதி திறக்கவில்லை. திறந்தவற்றில் தமிழ் இல்லை. பழைய எழுத்துருவில் அடித்த பக்கங்கள் கட்டமும் கொக்கியுமாக நின்றன. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். விசைப்பலகையும் மாறியிருந்தது. தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்கள் ஒன்றை அடிக்க, திரையில் வேறொன்று விழுந்தது. ஆளாளுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அப்படி ஒரு நாள் எனக்குப் பிடிக்கும். அதை மறைக்கவில்லை.

மெய்ப்புப் பார்க்கும் அக்கா மட்டும் கூப்பிடவில்லை.

அலுவலகத்தில் அவரை ஒற்று அக்கா என்பார்கள். மற்றவர்கள் விட்டுவிடும் க், ச், த், ப் எல்லாவற்றையும் சிவப்பு மையில் போட்டுத் திருப்பி அனுப்புவார். வேண்டாத இடத்தில் போட்டாலும் விடமாட்டார். புதிதாக வந்த உதவி ஆசிரியர் ஒரு கதையில், 'முதலாளி அவனுக்கு வேலைக் கொடுத்தார்' என்று எழுதிவிட்டார். அக்கா அந்தத் தாளோடு அவர் மேசைக்கே போனார்.

"ஏம்ப்பா, அவன் பாவம், சம்பளத்துக்கு வேலை கேட்டு வந்தவன். நீ ஒரு க் போட்டு அவன் கையில வேலையே குடுத்துட்ட. அவனை முருகன்னு நினைச்சுட்டியா?"

உதவி ஆசிரியரே விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா சொன்னால் யாருக்கும் உறைக்காது, சிரிப்புத்தான் வரும்.

அந்தக் காலையில் அவர் தானாகவே அமைப்புகளுக்குள் போய்ப் பழைய விசைப்பலகையைக் கண்டுபிடித்துவிட்டார். பிறகு பக்கத்து மேசைக்கும் மாற்றிக்கொடுத்தார். அதன் பிறகு மாடி முழுவதற்கும். நான் படியேறிப் போனபோது தேநீர் இயந்திரத்தின் பக்கத்தில் கூட்டமாக நின்றிருந்தார்கள்.

"தம்பியைத் தொந்தரவு பண்ணாதீங்க. காலையிலேர்ந்து அவரோட கம்ப்யூட்டரே தெறக்கலையாம்" என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது உண்மைதான்.

நான் செய்தது அந்தச் சிரிப்புக்காக இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

எதற்கும் யாரையும் கேட்காமல் ஒருவர் இருப்பது நல்லதல்ல. பெரிதாக ஏதாவது வரும்போது கேட்கத் தெரியாமல் நின்றுவிடுவார். அவருக்குக் கேட்கிற பழக்கம் வர வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

என் இடத்தில் உட்கார்ந்தபடியே எந்தக் கணினிக்குள்ளும் போகலாம். போவதற்கு முன் அந்தக் கணினியின் திரையில் 'அனுமதிக்கிறீர்களா' என்று ஒரு கேள்வி வரும். புதிய இயங்குதளத்தை ஏற்றியபோதே அந்தக் கேள்வி வராதபடி செய்துவைத்திருந்தேன். எல்லோருக்கும்தான். வேலை சீக்கிரமாக முடியும்.

அவர் தேநீர் குடிக்கப் போகும் நேரமாகப் பார்த்து விசைப்பலகையை மாற்றினேன். திரும்பி வந்து மாற்றிக்கொண்டார். இன்னொரு நாளும் மாற்றினேன். அப்போதும் கூப்பிடவில்லை. கோப்பு ஒன்றை வேறு கோப்புறைக்குள் நகர்த்திவைத்தேன். தேடி எடுத்தார். எடுத்தபோது நெற்றியைத் தேய்த்துக்கொண்டார் என்று பக்கத்து மேசைக்காரர் பிறகு சொன்னார். அதன் பிறகு, அவர் பார்த்து முடித்த பக்கங்களில் சில திருத்தங்களை எடுத்துவிட்டேன். ஒற்றுகளை மட்டும். அகராதி அச்சாகி வந்தது. தலைமை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார்.

"என்னக்கா இது? பக்கத்துக்குப் பக்கம் ஒற்றைக் காணோம்."

"நான் போட்டேனே சார்."

"போட்டா இருக்கணுமே. அது என்ன, எந்திரிச்சு நடந்தா போயிருக்கும்?"

அன்றுதான் அக்கா முதன்முதலாக என்னைக் கூப்பிட்டார். மெதுவாகத்தான் பேசினார். "தம்பி, கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

போனேன். பொறுமையாகப் பார்த்தேன். கணினியில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அது பொய் இல்லை. கணினியில் ஒன்றும் இல்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாமே என்று நேற்றுக் கேட்டீர்கள். நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் கேட்ட விதத்தை நீங்கள் கேட்டதில்லை. மற்றவர்கள் என்னைக் கூப்பிடுவது குழாய் ரிப்பேர்காரனைக் கூப்பிடுவதுபோல இருக்கும். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்க என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார்.

பிறகு அவருடைய கோப்புகளில் குறிப்புகள் எழுதினேன். அவரே எழுதியதுபோல. 'இந்த பக்கத்தை பார்த்துவிட்டேன்.' அதே வரி, பார்க்காத பக்கங்களில். அவர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"இதை யாரு தம்பி எழுதினது?"

"உங்க பேர்லதான் சேமிச்சிருக்குக்கா."

"இந்தப் பக்கத்தைப் பார்த்து. ரெண்டு இடத்துல ப் இல்லை. கையை வெட்டிப்போட்டாலும் அந்தக் கை இப்படி எழுதாது."

அந்த இரண்டு ப்பும் எனக்குத் தெரியாமல் விட்டவை. நான் எப்போதும் அப்படித்தான் எழுதுவேன். என் மின்னஞ்சல் எதையாவது அவர் எடுத்துப் பார்த்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். வேறு யாராக இருந்தாலும், இது என் எழுத்தில்லை, அப்படியானால் வேறு ஆள் எழுதியது என்று போயிருப்பார்கள்.

அக்கா அப்படிப் போகவில்லை. எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மாவுக்கும் எழுத்துலதான் ஆரம்பிச்சுது" என்றார்.

பிறகு ஒன்று கேட்டார். "யாராவது உள்ள வர்றாங்களா தம்பி, என் கம்ப்யூட்டர்ல?"

"வந்தா திரையில அனுமதி கேக்கும்க்கா. கேட்டுச்சா?"

"இல்லை."

"அப்புறம் என்ன?"

அவர் தலையை ஆட்டினார்.

வீட்டுக் கணினியிலும் புதிய இயங்குதளம் தானாக ஏறிக்கொண்டு எதுவும் திறக்கவில்லை என்று ஒருநாள் கூப்பிட்டார். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை, உண்மையான கோளாறு. வீட்டில் அவரும் தங்கையும் மட்டும். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை மருத்துவமனையில் செவிலியர்.

"இவர்தானா உன் கம்ப்யூட்டர் டாக்டர்? எங்க ஆஸ்பத்திரி டாக்டருங்க யாரும் இவ்வளவு பொறுமையா பாக்க மாட்டாங்களே" என்றார் தங்கை.

"ஃபீஸும் கிடையாதுடி. டீதான்" என்றார் அக்கா.

சரிசெய்தேன். திரும்பத் திரும்ப அலைய வேண்டாமே என்று, வெளியிலிருந்து உள்ளே வருவதற்கான வழியையும் வைத்துவிட்டு வந்தேன். அக்கா அன்று தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. கடைசியில், மகள் பெயரை எழுதச் சொன்னால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் பேனாவை மூடிவிடுவாராம். ஒருநாள் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பெண்ணிடம், இந்தப் பொண்ணு என்னை நல்லா பாத்துக்குது, யார் வீட்டுப் பொண்ணு என்று கேட்டாராம். ஊட்டியது அக்கா.

"இவளைப் பாத்து நான் அப்படி ஒரு நாள் கேட்டுட்டா, அதுக்கு மேல நான் இருக்கக் கூடாது தம்பி. இவகிட்டயும் சொல்லிட்டேன்."

"ஆமா, வாரத்துக்கு ஒரு தடவை சொல்றா. இதை மட்டும் மறக்க மாட்டேங்கறா" என்று அடுப்படியிலிருந்து தங்கை சத்தம் போட்டார். மூவரும் சிரித்தோம்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எனக்கு அது தெரியாது என்று பிறகு யாரும் சொல்லிவிடக் கூடாது. தெரியும்.

அடுத்த சில மாதங்கள் நான் நல்ல மனிதனாக இருந்தேன். அலுவலகத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அக்கா ஒவ்வொரு பக்கத்தையும் சேமிப்பதற்கு முன் என்னைக் கூப்பிடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உட்கார்ந்த நேரத்தில் எனக்கு ஒற்றுப் போடச் சொல்லிக்கொடுத்தார். இந்த வாக்குமூலத்தில் பிழை குறைவாக இருந்தால் அவருக்குத்தான் நன்றி. கடவுச்சொல்லையும் என்னிடமே கொடுத்துவைத்தார், மறந்துவிடுவோமோ என்ற பயத்தில். மாலையில் பேருந்து நிறுத்தம்வரை கூடப் போவேன். மருத்துவர் ஒன்றுமில்லை என்று சொல்லியனுப்பியிருந்தார். அக்கா நம்பவில்லை. "அவர் பேசிப் பாத்தார். எழுதச் சொல்லிப் பாக்கலையே" என்றார். தேநீர் இயந்திரத்தின் பக்கத்தில் அவரைக் கண்டால் இப்போது பேச்சு நின்றுவிடும். தலைமை ஆசிரியர் கனமான புத்தகங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, அவருக்கு வாழ்த்து அட்டைகளைக் கொடுத்தார்.

அதைக் குலைத்தது தங்கைதான். குற்றம் சொல்லவில்லை, நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். கணினியே வேண்டாம், விடுப்புப் போட்டுவிட்டு வீட்டிலிருந்து கையால் எழுது என்று சொல்லியிருக்கிறார். அக்கா எழுதினார். நான் பார்க்கப் போனபோது கட்டில் நிறையத் தாள்கள். முகம் தெளிந்திருந்தது.

"தம்பி, கையால எழுதினா ஒரு ஒற்றுகூட விட்டுப்போகலை. இவ பந்தயம் கட்டித் தேடிப் பாத்துட்டா."

"தோத்துட்டேன்" என்றார் தங்கை. "அந்த மிஷின்லதான் ஏதோ கோளாறு."

"மிஷினைச் சொல்லாதடி. தம்பி கோச்சுக்குவார்."

சிரித்தார்கள். எனக்குத் தேநீர் வந்தது. ஆனால் நாற்காலி இழுத்துப் போடப்படவில்லை. தாள்கள் பரப்பியிருந்ததால் இருக்கலாம்.

அந்த வாரம் அவர் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. அடுத்த வாரமும். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறார், புத்தக வேலையையே திருப்பிக் கேட்டிருக்கிறார் என்று தலைமை ஆசிரியர் சொன்னார்.

அதனால் அவருடைய வீட்டுக் கணினியில் ஒரு கோப்பு எழுதினேன். கணினியைத் திறந்ததும் கண்ணில் படும்படி வைத்தேன். சிறியதுதான். நீங்கள் படித்திருப்பீர்கள். 'இந்த வீட்டில் ஒரு பெண் என்னோடு இருக்கிறாள். நல்ல பெண். யார் என்று அவளிடமே கேட்க கூச்சமாக இருக்கிறது.'

கேட்கக் கூச்சமாக என்று வர வேண்டும். அதற்குள் எனக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்தேதான் விட்டேன். க் இருந்தால் அவர் எழுதியது என்று அவரே நம்பமாட்டார் என்ற இடத்துக்கு அக்கா வந்திருந்தார்.

மறுநாள் மதியம் தங்கை வேலை முடிந்து வீடு திரும்பியபோது அக்கா உயிரோடு இல்லை. மற்றது உங்கள் அறிக்கையில் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்துத் தங்கை கூப்பிட்டார். இரங்கல் அறிவிப்புக்கு அக்காவின் படம் வேண்டும், கணினி திறக்கவில்லை, கடவுச்சொல் தெரியவில்லை என்றார். போய்த் திறந்துகொடுத்தேன். படத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். தங்கை அதைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அந்தக் கோப்பு திரையிலேயே இருந்தது. இனி நாலு பேர் படிக்கப்போகிறார்கள். ஒற்று அக்கா கடைசியாக எழுதியதில் ஒற்றைக் காணோம் என்று அலுவலகத்தில் பேச்சாகிவிடும். மனம் கேட்கவில்லை. அந்த க்கைப் போட்டுச் சேமித்தேன்.

இறந்துபோனவர் இரண்டு நாள் கழித்து எப்படி ஓர் எழுத்தைச் சேர்த்தார் என்று நீங்கள் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. கோப்பு சேமித்த தேதியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் என்பதை அலுவலகத்தில் புதிதாக வருகிறவர்களுக்குக்கூடச் சொல்லிக்கொடுப்பேன். நானே மறந்துவிட்டேன். ஆனாலும் அந்தத் திருத்தம் சரியானதுதான். எந்த இலக்கண ஆசிரியரையும் கேட்டுப்பாருங்கள்.

கடைசியாகக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்த வரிகளைப் படித்தால் அவர் என்ன செய்துகொள்வார் என்று எனக்குத் தெரியுமா? தெரியும். அவரே சொல்லியிருந்தார். வேறு எந்த வரியை எழுதியிருந்தாலும் அது நடந்திருக்காது என்பதும் தெரியும். அதைத்தான் தேர்ந்தெடுத்து எழுதினேன். அவரைக் கொன்றது நான்தான். இதில் கையெழுத்துப் போடத் தயார்.

ஆனால் ஒன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் இறந்த அன்று காலை முழுவதும் நான் வேறு யார் வேலைக்கும் போகவில்லை. கைபேசியை மேசைமேல் வைத்துக்கொண்டு அவருடைய அழைப்புக்காகக் காத்திருந்தேன். அவர் கூப்பிடவேயில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், இருந்த இடத்திலிருந்தே சரிசெய்து கொடுத்திருப்பேன்.