இனாஸின் ஐந்நூறு

நான் எந்த வாகனத்தையும் வேகமாக ஓட்டுவதில்லை. மாம்புரியிலிருந்து புத்தளத்துக்கு மாலை வகுப்புக்குப் போகும்போது தேங்காய் ஏற்றிய ட்ரக்டர்கூட என் ஸ்கூட்டரை முந்திக்கொண்டு போகும். என்னை அவசரக்காரன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை முதலில் சொல்கிறேன்.

பகலில் என் மச்சான் ரிஷாத்தின் கராஜில் வேலை செய்தேன். ரிஷாத் என் மாமாவின் மகன். பழைய ஜப்பான் கார் ஒன்றைப் பந்தயத்துக்கென்று மாற்றி வைத்திருந்தான். ஞாயிறுகளில் அதிகாலைச் சுபஹு தொழுகை முடிந்து தெரு வெறிச்சோடியிருக்கும் நேரத்தில் எங்கள் பக்கத்துப் பொடியன்மார் நேர்த்தெருவில் பந்தயம் ஓடுவார்கள்.

எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுவரை தாங்கும், எந்தச் சுற்றில் கியர் மாற்ற வேண்டும் என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. இரண்டும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். எஞ்சினின் இழுவை குறையத் தொடங்கிச் சற்றுப் பிறகு கியரை மாற்ற வேண்டும். எல்லை அதற்கும் மேலே இருக்கிறது. அங்கே வால்வை மூடும் ஸ்பிரிங் பின்தங்கிவிடும். மேலே வரும் பிஸ்டன் வால்வில் மோதும். பிறகு நடப்பதை யாராலும் நிறுத்த முடியாது.

ஒரு கணக்கை மூன்று தடவை போடுவேன். மூன்றும் ஒன்றாக வந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது. அதனால் கிடைத்த எல்லையிலிருந்து ஐந்நூறைக் கழித்துவிட்டுத்தான் வெளியே சொல்வேன். இது எல்லாருக்கும் தெரியும். அதற்கு 'இனாஸ்ட ஐந்நூறு' என்று பெயரே வைத்திருந்தார்கள். நான் ஏழாயிரம் என்றால் ரிஷாத் ஏழாயிரத்து ஐந்நூறுவரை மிதிப்பான். "இவன் ஒளிச்சி வெச்சத நாமதான் எடுத்துக்கணும்" என்பான். அப்படி மிதித்தும் ஒரு எஞ்சினும் உடையவில்லை. உடையாத எஞ்சினைப் பார்த்து, இதை ஒருவன் காப்பாற்றியிருக்கிறான் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

சென்ற வருடம் கொழும்பிலிருந்து ஒரு பெரிய வேர்க்‌ஷொப் முதலாளி வந்தார். பந்தயக் கார்களுக்கு ஆள் தேடினார். என்னோடு நெடுநேரம் கதைத்தார். பிறகு ரிஷாத்திடம், "ஆள் எப்படி?" என்று கேட்டார்.

"நல்ல புள்ள சேர். ஆனா இவன வெச்சா ஒங்கட கார் எல்லாம் பள்ளிவாசலுக்குப் போற வயசாளியள் மாதிரித்தான் போகும்."

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். ரிஷாத் என் தோளில் தட்டி, "பகிடிக்குச் சொன்ன மச்சான்" என்றான். முதலாளி பிறகு அழைக்கவே இல்லை.

இவ்வருடம் ரிஷாத் காருக்கு வேறு எஞ்சின் போட்டான். எல்லை வந்ததும் எரிபொருளைத் தானாக நிறுத்தும் ஏற்பாட்டை எடுத்துவிடச் சொன்னான். "பாதி ஓட்டத்தில கார் விக்குது" என்றான். எடுத்துவிட்டேன். இனி எஞ்சினைக் காப்பது என் வாய்ச்சொல் மட்டும்தான்.

அவன் மனைவி மர்ளியா மச்சி தேத்தண்ணி கொண்டுவந்தபோது மெதுவாகச் சொன்னாள்: "இனாஸ் தம்பி, கொறச்சே சொல்லுங்க. நீங்க கொறச்சிச் சொல்ற தைரியத்திலதான் நான் வீட்டில இரிக்கிற."

"ஓம் மச்சி" என்றேன்.

கணக்கை மூன்று தடவை போட்டேன். ஏழாயிரத்து இருநூறு. ஸ்பிரிங் பழையது. ஏழாயிரத்து எழுநூறைத் தாங்காது.

"எவ்வளவு?" என்று ரிஷாத் கேட்டான்.

"ஏழாயிரத்து இருநூறு."

அவன் கண்ணடித்தான். "அப்ப ஏழு எழுநூறு."

நான் சுற்றுகளைக் காட்டும் மானியில் ஏழாயிரத்து இருநூறில் சிவப்புக் கோடு போட்டேன். கோடு நேராக இருக்கிறதா என்று மறுபடியும் பார்த்தேன்.

ஞாயிறு காலை அவன் மூன்றாம் கியரில் இருந்தபோது எஞ்சின் உடைந்தது. பிஸ்டன் தண்டு எஞ்சின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. கொட்டிய ஒயிலில் பின்சக்கரங்கள் வழுக்கின. கார் தெருவை விட்டு விலகிப்போய்த் தென்னையில் மோதியது. ரிஷாத் அந்த இடத்திலேயே மவுத்தாகிவிட்டான்.

பொலிஸார் என்னிடம் எல்லை எது என்று கேட்டார்கள். ஏழாயிரத்து இருநூறு என்றேன். கோட்டைக் காட்டினேன். காரில் எஞ்சின் சுற்றுகளைப் பதியும் கருவி ஏழாயிரத்து எழுநூறைக் காட்டியது. வேறு கேள்வி வரவில்லை. வந்திருந்தாலும் அதே பதில்தான். அந்த எண் சரியானது. என் வாழ்க்கையில் ஒன்றையும் கழிக்காமல் நான் சொன்ன ஒரே எண் அதுதான். அவன் ஐந்நூறைக் கூட்டுவான் என்று எனக்குத் தெரியும். அந்த ஐந்நூறு மூன்றாம் கியரில்தான் வரும் என்றும், அந்த இடத்தில் தெருவின் இரண்டு பக்கமும் தென்னைகள் என்றும் தெரியும். ஆனால் மிதித்தது அவனுடைய கால்.

மர்ளியா இத்தாவில், கணவனை இழந்தவள் வீட்டோடு தனித்திருக்கும் காலத்தில், இருக்கிறாள். பொருட்கள் கொண்டுபோய்க் கொடுத்தபோது திரைக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

"நீங்க வழமை போல கொறச்சிச் சொல்லியும், அதையும் தாண்டி மிதிச்சிட்டாரே தம்பி. அவர்ட பிழதான். நீங்க மனசில போட்டுக்கொள்ள வேணாம்."

உண்மை வாய்வரை வந்தது. இவள் எவ்வளவு தாங்குவாள் என்று கணக்குப் பார்த்தேன். தாங்கமாட்டாள் என்று தெரிந்தது.

"சரி மச்சி" என்றேன்.

யாராக இருந்தாலும், அவர்கள் உடையும் இடத்துக்குச் சற்று முன்னதாகவே நான் நின்றுவிடுவேன். என் கவனத்தைப் பற்றி இனியாவது யாரும் சிரிக்கமாட்டார்கள்.