ஒரு சாண் குறைவான வாவி

பிளேன்டிக்கு நன்றி ஐயா. சீனி கொஞ்சம் கூடத்தான், பரவாயில்லை, குடிக்கலாம். வீட்டில் என் மனைவி கலாஜினி சீனியைக் குறைத்துவிட்டாள். எனக்கு நாற்பது தாண்டிவிட்டதாம், இனி உடம்பைப் பார்க்க வேண்டுமாம். நான் ஒழுங்காகத் தூங்கி எவ்வளவு காலம் என்பதை மட்டும் அவள் கணக்கில் எடுப்பதில்லை.

என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். வெள்ளத்தைப் பற்றிய உங்கள் விசாரணை முடிந்துவிட்டது என்று தெரியும். நீர்மட்டக் கருவியில் பழுதில்லை, மழைதான் எதிர்பார்த்ததைவிடக் கூட என்று எழுதியிருக்கிறீர்களாம். கருவியில் பழுதில்லை என்பது சரி. மற்றதையும் சொல்லிவிட்டால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். பெரிய மனச்சாட்சிக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். களைத்துப்போனேன், அவ்வளவுதான்.

என் பெயர் கிரிசாந்த். ஆரையம்பதியில் வீட்டின் முன்னறையில் இருந்து கணினி வேலை செய்கிறேன். வாவியின் நீர்மட்டத்தை அளக்கும் ஏற்பாட்டை ஒரு வெளிநாட்டு உதவித் திட்டம் கொண்டுவந்து பூட்டிவிட்டுப் போனபோது, அதைப் பராமரிக்க உள்ளூரில் ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் அகப்பட்டேன்.

நீங்கள் இந்தப் பக்கத்து ஆள் இல்லை, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். மாரியில் வாவி நிரம்பும். முகத்துவாரத்தில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணல் அடைத்துக் கிடக்கும். அதை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்குப் போய்விடும். எப்போது வெட்டுவது என்பதில்தான் சண்டை. மேற்கே படுவான்கரையில் வயல் செய்பவர்கள் இன்றைக்கே வெட்டு என்பார்கள். வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், தண்ணீர் நின்றால் பயிர் அழுகிவிடும். வாவியில் வலை போடுபவர்கள் பொறு என்பார்கள். முந்தி வெட்டினால் வளர்ந்துவரும் இறால் எல்லாம் கடலோடு போய்விடும். இரண்டு பக்கமும் சொல்வது நியாயம். தலையிடியே அதுதான். கடைசியில் ஒரு குழு அமைத்து, ஒரு சிவப்புக்கோடு கீறினார்கள். தண்ணீர் கோட்டைத் தொட்டால் வெட்டுவது, தொடாவிட்டால் வெட்டுவதில்லை. கருவி சொன்னால் சரி என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

கருவியோடு வந்த மென்பொருளை ஓட்டலாம், உள்ளே கைவைக்க முடியாது, மூலத்தைத் தரவில்லை. கருவியில் தண்ணீரில் மிதந்துவரும் ஆற்றுவாழைச் செடி சிக்கினால் கண்டபடி எண்கள் வரும். மென்பொருள் அதை அப்படியே நம்பி அபாயமணி அடிக்கும். வெயில் எரிக்கிற ஆனி மாதத்தில் வெள்ள எச்சரிக்கை வந்தால் சனம் சிரிக்காமல் என்ன செய்யும்? அதற்காகத்தான் முதன்முதலில் உறை போட்டேன்.

உறை என்பது இதுதான். எந்த மென்பொருளும் தானாகப் போய் எதையும் வாசிப்பதில்லை. கணினியின் இயங்குதளத்தோடு ஒரு பொது நூலகம் வரும். வாசி, எழுது, நேரம் சொல் என்று பல செயல்கள் அதற்குள் ஆயத்தமாக இருக்கும். மென்பொருள் அவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அதே பெயரில் நான் இன்னொரு செயலை எழுதி முன்னால் நிறுத்திவிட்டால், அந்த அழைப்பு என்னிடம் வரும். நான் உண்மையான செயலிடம் கேட்டு, பதிலை வாங்கிப் பார்த்து, கண்டபடி எண் இருந்தால் திருத்தி, பிறகு கொடுப்பேன். கந்தோர் வாசலில் இருக்கும் பியூன் உள்ளே போய்க் கேட்டுவந்து சொல்வதைப் போல. வெளியில் நிற்பவருக்கு, பெரியவர் உண்மையில் என்ன சொன்னார் என்று தெரியாது.

பாலத்தடிக் கருவிப்பெட்டியில் ஓடுவது லினக்ஸ். சனத்தின் போனுக்கெல்லாம் எண் போவது அங்கிருந்துதான். அதில் வேலை சுகம். என் நூலகத்தை முதலில் ஏற்று என்று ஒரு வரி எழுதினால் போதும். புளியந்தீவில் குழுவின் அறையில் விண்டோஸ். அங்கே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளின் நினைவகத்துக்குள் புகுந்து, வாசிக்கும் செயலின் முகவரியை எடுத்துவிட்டு என்னுடையதை வைக்க வேண்டும். வைரஸ் தடுப்பான் வேறு என்னைக் கள்ளன் என்று பிடிக்கும். குழுத்தலைவரின் மடிக்கணினி மேக். அது பாதுகாப்பு, பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டு எதற்கும் விடாது. தலைவரிடமே கடவுச்சொல்லை வாங்கித்தான் அந்தப் பூட்டைத் திறந்தேன். மூன்று இடத்துக்கும் கருவியின் சமிக்ஞை தனித்தனியாக வருவதால் மூன்றிலும் உறை வேண்டும். மூன்றும் ஒரே பதில் சொல்ல வேண்டும். ஒரு கோடை முழுக்க அதிலே போனது. பொய்மணி நின்றதும் குழுக்கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வெட்கமாக இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

இதுவரை நான் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாரி வந்தால் எனக்கு வீடு இல்லை, ஐயா. தண்ணீர் கோட்டுக்குக் கிட்ட வரும்போது தொடங்கும். வயல்காரர் பக்கம், அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருக்கும் வட்டை விதானை கனகசிங்கம். "தம்பி, கோட்டுக்கு இன்னும் எவ்வளவு இரிக்கி? ஏறுதா, நிக்குதா?" அவர் போனை வைத்ததும், வலைக்காரர் பக்கம், இறால் வாங்கி விற்கும் வாடி நடத்தும் இராசாத்தி. "அந்தக் கருவிய ஒருக்காப் பாருங்களன் தம்பி, கூடக் காட்டுது போல." ஒருவர் மிரட்டுவார், ஒருவர் அழுவார். சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருக்கும்போது வாசல் படலையில் ஆள் நிற்கும். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களுடைய பிழைப்பு அது. ஆனால் என் மண்டைக்குள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் தோன்றியது, கோட்டுக்குக் கிட்ட வரும்போது உறை ஒரு சாண் குறைத்துச் சொன்னால் என்ன? கோட்டை நெருங்காவிட்டால் ஒருவரும் என்னைத் தேட மாட்டார்கள். கோட்டைக் கீறியவர்கள் வெளிநாட்டுப் பொறியியலாளர்கள். பயந்து பயந்து, இடம் விட்டுத்தான் கீறியிருப்பார்கள். அவர்கள் கோட்டைத் தாழ்த்திக் கீறினார்கள், நான் தண்ணீரைக் குறைத்து வாசித்தேன், அவ்வளவுதான். மூன்று இடத்திலும் ஒரே நாளில் மாற்றினேன். அந்த வருடம் மழை நேரத்தோடு விட்டுவிட்டது. வெட்டவும் இல்லை, வெள்ளமும் இல்லை. இராசாத்தி ஒரு பை இறால் கொடுத்தனுப்பினார். கனகசிங்கத்துக்கும் வயல் விளைந்தது. "இந்த வருசம்தான் மனுசர் மாதிரி இரிக்கிறீங்க" என்றாள் கலாஜினி. அடுத்த மாரியும் அப்படியே போனது. சண்டை பிடிக்கும் இரண்டு பக்கத்தையும் நான் ஒருவனாகச் சமாதானப்படுத்திவிட்டேன் என்றுகூட நினைத்தேன். அதைப் பெருமை என்று சொன்னால் சரிதான்.

பிறகு போன கார்த்திகைப் புயல். மேலே குளங்கள் எல்லாம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்து, அந்தத் தண்ணீரும் வாவிக்குத்தான் வந்தது. உறை போடாத உண்மையான எண் என் மடிக்கணினியில் மட்டும் தெரியும். காலையில் பாண் சாப்பிட்டுக்கொண்டு பார்த்தேன். வாவி கோட்டைத் தாண்டியிருந்தது. மற்றத் திரைகளில் அது இன்னும் கோட்டுக்குக் கீழே.

உடனே உறையைக் கழற்றியிருக்கலாம், பெரிய வேலையில்லை. ஆனால் கழற்றினால் மூன்று திரையிலும் வாவி ஒரே மூச்சில் ஒரு சாண் உயரும். வாவி அப்படி உயராது என்று இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஏன் என்று கேட்பார்கள். போன வருடத்தைக் கிளறுவார்கள், அதற்கு முந்திய வருடத்தைக் கிளறுவார்கள். பொன்னாடை போர்த்திய அதே ஆட்கள் என் படலைக்கு வருவார்கள். அதனால் நிதானமாக யோசித்து, குறைக்கும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவிட்டேன். காலையில் ஒரு சாண், மத்தியானம் அரைச்சாண், பின்னேரம் ஒன்றுமில்லை. பார்ப்பவர்களுக்குத் தண்ணீர் இயல்பாக ஏறுவது போல் இருக்கும். நல்ல வளைவு. உங்கள் அறிக்கையில்கூட அந்த வரைபடத்தைப் போட்டிருக்கிறீர்கள்.

அன்றைக்கு நான் போன் எடுக்கவில்லை. கனகசிங்கம் கோல் எடுத்துக்கொண்டே இருந்தார், இராசாத்தி எடுத்தார், குழுத்தலைவர் எடுத்தார். போனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். முற்பகலில் ஒரு தடவை எடுத்துப் பார்த்தபோது அக்காவின் பெயர் தெரிந்தது.

அன்னப்பூரணி அக்கா எனக்கு மூத்தவர். படுவான்கரையில் கலியாணம் கட்டிப் போனவர். அத்தானுக்குப் பாரிசவாதம் வந்து படுக்கைதான். தூக்கித்தான் இருத்த வேண்டும். வாவியை அளக்கிறது என் தம்பி என்று அக்கா அந்த ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். மழை என்றால் அயலவர்கள் அவரிடம்தான் வந்து கேட்பார்களாம். இதற்காக அவரை நான் எத்தனையோ தரம் பகிடி பண்ணியிருக்கிறேன்.

"தம்பி, வீட்டு வளவுக்குள்ள தண்ணி வந்திட்டு. போனில பாத்தா கோட்டுக்குக் கீழதான் காட்டுது. நான் எத நம்புற?"

"வளவுல நிக்கிறது மழைத்தண்ணி அக்கா. வாவி இன்னும் ஏறல்ல."

"ட்ரக்டர் வந்து நிக்குது. அத்தானத் தூக்கி ஏத்த வேணும். இந்த மழைக்குள்ள அவரக் கொண்டுபோனா காய்ச்சல் வந்திரும். போறதா, நிக்கிறதா?"

அவர் கேட்டபோது உண்மையான எண் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. வெள்ளம் மேலால் பாய்கிற தாம்போதிப் பாதை இன்னும் கடக்கக்கூடியதாகத்தான் இருக்கும் என்றும் தெரிந்தது. போங்க என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அக்காவை உங்களுக்குத் தெரியாது. அவர் வாயில் ஒன்றும் தங்காது. தம்பி போகச் சொல்லிட்டான், கருவி பிழையாம் என்று ட்ரக்டரில் ஏறும்போதே ஊருக்குச் சொல்லிவிடுவார். பின்னேரத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும், அதுவரைக்கும் தாங்கும் என்று கணக்குப் போட்டேன்.

"நில்லுங்க அக்கா. அவசரமில்ல. மறுகா நான் சொல்றன்" என்றேன்.

"ஓம் தம்பி, நீ சொன்னாச் சரி" என்று வைத்துவிட்டார். அவர் குரலில் இருந்த பயம் போய்விட்டது. அது எனக்கே கேட்டது.

மிச்சம் உங்கள் அறிக்கையில் இருக்கிறது. பின்னேரம் திரைகளில் வாவி கோட்டைத் தொட்டது. மணி அடித்தது. குழு மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தை அனுப்பி முகத்துவாரத்தை வெட்டத் தொடங்கியது. அக்காவும் போனில் சிவப்பைப் பார்த்துவிட்டு, அத்தானை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். அவர் சொல்லைக் கேட்டுப் போகாமல் நின்ற அயல்வீட்டுக் குடும்பமும் அதே ட்ரக்டர் பெட்டியில் ஏறியது. தாம்போதியில் தண்ணீர் ட்ரக்டரைப் புரட்டிவிட்டது. ஓட்டிய வினோஜன் மட்டும் மருதமரக் கொப்பைப் பிடித்துத் தப்பினான்.

செத்த வீட்டில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "காலையிலயே போவம் எண்டு நான் சொன்னன் அண்ணன். எங்கட தம்பி சொல்லிட்டான், அவசரமில்லையாம் எண்டு அக்காதான் மறிச்சவ. நீங்களும் கருவியப் பாத்துத்தானே சொன்னீங்க, நீங்க என்ன செய்யிற." கனகசிங்கமும் வந்தார், இராசாத்தியும் வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடுவதில்லை போல.

மூன்று இடத்திலும் உறையை எடுத்துவிட்டேன். எப்படி எடுத்தது, எங்கே பிரதி இருக்கிறது என்பதையும் எழுதித் தருகிறேன். இதற்கு என்ன சட்டம், எவ்வளவு காலம் உள்ளே போடுவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. கலாஜினிக்கு நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு இனி ஒருவருக்கும் எதையும் விளங்கப்படுத்தத் தெம்பில்லை.

ஒன்று மட்டும் யோசித்துப் பார்க்கிறேன், ஐயா. அன்றைக்கு எத்தனையோ பேர் கோல் எடுத்தார்கள், ஒருவருக்கும் நான் பதில் சொல்லவில்லை. அக்காவுடையதையும் விட்டிருந்தால் அவர் வளவுத் தண்ணீரைத் தன் கண்ணால் பார்த்து, அப்போதே ட்ரக்டரில் ஏறியிருப்பார். கூடப்பிறந்தவர் என்று பாவம் பார்த்து அவருடையதை மட்டும் எடுத்தேன். என்னுடைய இந்த இளகின மனம்தான் அக்காவைக் கொன்றது.