கோட்டுக்கு வெளியே கத்தியவர்

தக்கலையில் பஸ் ஏறி என் முன்னிருக்கையில் அமர்ந்ததும், சடுகுடு அணியின் தலைவன் தன் பயிற்சியாளரிடம் சொன்னான்:

"இன்னைக்கு நீங்க வாயத் திறந்தா நான் ஆட எறங்கமாட்டேன், அண்ணாச்சி."

"ஏம்லே? உங்களுக்காகத்தானே தொண்டை கிழியக் கத்துகேன்?"

"நேத்து 'எடது காலப் பிடிலே'ன்னு கத்துனிய. எதிரணியிலேருந்து சடுகுடு பாடி வந்தவனுக்கும் அது கேட்டுச்சு. கால இழுத்துக்கிட்டு நம்மாளத் தொட்டுட்டுப் போயிட்டான்."

"அப்போ நான் எதுக்குடே வரணும்?"

"வரணும். கோட்டுக்கு வெளிய சும்மா நிக்கணும். எங்கள நம்புகியன்னு பயலுவளுக்கு அப்பதான் தெரியும்."

அண்ணாச்சியின் முகம் சிவந்துவிட்டது. அடி விழப்போகிறது என்றே நினைத்தேன். அதற்குள் கண்டக்டர் வந்து, "எங்க போணும்?" என்றார்.

அண்ணாச்சி வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டு, தலைவனைக் கைகாட்டினார்.