அஞ்சாவது கால்

அக்கா: நாய்க்கு எத்தனை காலுடா?

தம்பி: என்னக்கா... வாத்தியாருக்கே பரீட்சையா?

அக்கா: கேட்டதுக்குப் பதில் சொல்லு.

தம்பி: நாலு.

அக்கா: நீ பாடம் நடத்தற ஸ்கூல்ல இருந்தப்ப என் பொண்ணு அஞ்சு கால் வெச்சு ஒரு நாய் தைச்சாளே... என் மெஷினுக்குக் கீழ கிடந்த வெட்டுத்துணியில.

தம்பி: மறப்பேனா? எதுக்குடி அஞ்சுன்னு கேட்டேன். "ஒரு கால் வலிச்சா மாத்திக்கும் மாமா"ன்னா.

அக்கா: இப்ப இருக்கிற பெரிய ஸ்கூல்ல கண்காட்சி வெச்சாங்க. அதைத்தான் கொண்டுபோவேன்னு ஒத்தைக் கால்ல நின்னா. நான்... அந்த அஞ்சாவது காலைப் பிரிச்சு எடுத்துட்டு அனுப்பினேன்டா.

தம்பி: அக்கா!

அக்கா: முதல் பரிசு. கொண்டுவந்து என் கையில குடுத்துட்டு, "இது உனக்குத்தானேம்மா"ன்னா.

தம்பி: அப்படியா சொன்னா!

அக்கா: நேத்து ஒரு கூடைத் துணியை முன்னாடி கொட்டி, ஏதாச்சும் செய்டீன்னேன். கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறா. "நீ ஒண்ணு செஞ்சு காட்டும்மா, அதே மாதிரி செய்றேன்"ங்கிறா.

தம்பி: சின்னப் புள்ளைதானே... சரியாப் போயிடும்.

அக்கா: யாரு, நீயா பேசறே? அவளை அங்க சேர்த்தேன்னு மூணு மாசம் என் வாசப்படி மிதிக்காதவன்!

தம்பி: அது அப்போ. இப்ப பாரு... கையெழுத்து முத்து முத்தா இருக்கு. வாய்ப்பாடு கடகடன்னு...

அக்கா: கிளிக்குச் சொல்லிக் குடுத்தா அதுவும் சொல்லும். திங்கக்கிழமை உன் ஸ்கூலுக்கே கூட்டிட்டு வந்துடறேன்.

தம்பி: அவசரப்படாதக்கா. இந்த வருஷம் போகட்டுமே.

அக்கா: ஏன், இடமில்லையா?

தம்பி: இடத்துக்கென்ன... பாதி பெஞ்சு காலியாத்தான் கிடக்கு.

அக்கா: அப்புறம் என்னடா இழுக்கிற? துணைக்கு உன் பையன் இருக்கான். நேத்துகூட மேசை மேல ஏறி நின்னு கதை சொன்னானாமே?

தம்பி: சொன்னான். நிலாவுக்குப் பல்லு விழுந்துடுச்சாம், அதான் மூஞ்சியைக் காட்ட மாட்டேங்குதாம். கிளாஸே விழுந்து விழுந்து சிரிச்சுது. எனக்குத்தான் சிரிப்பு வரல.

அக்கா: பெத்தவனுக்கு வேற என்னடா வேணும்?

தம்பி: எட்டு வயசாச்சுக்கா. ஒரு கூட்டல் ஒழுங்கா வரல. நாளைக்கு இவனை யாரு...

அக்கா: வந்துட்டுப் போகுது! நீயே வாத்தியாரு, அங்க இருக்கிறவரைக்கும் அவனுக்கு என்ன பயம்? ...ஏன்டா, எங்க பார்க்கிற? என்னைப் பாரு.

தம்பி: இன்னிக்குக் காலையில அவனை உன் பொண்ணு படிக்கிற ஸ்கூல்ல சேர்த்துட்டேன்க்கா.