துணியில் சுற்றிய தேன்

ஃபெலிஸ்மினா: ...நில்லுங்க அண்ணி, நில்லுங்க! மூச்சு வாங்குது.

தெயோலிந்தா: இப்பதான நின்னோம்.

ஃபெலிஸ்மினா: அது கல்லுப் பாலத்துக்கிட்ட. ஒரு மணி நேரமாச்சு.

தெயோலிந்தா: இருபது நிமிஷம்.

ஃபெலிஸ்மினா: இதுல ரெண்டு கையிலயும் குச்சி வேற. மலை ஏறக் காலு போதாதா?

தெயோலிந்தா: ஊன்றிக்கிட்டு நட. பேரன் பிரான்சுக்குத் திரும்பறப்ப விட்டுட்டுப் போனது. தொப்பி, குச்சி, பை... எல்லாம் இருந்தாத்தான் டூரிஸ்ட்டுன்னு நம்புவாங்க.

ஃபெலிஸ்மினா: டூரிஸ்ட்டு! உங்களுக்கு எழுபத்தொண்ணு, எனக்கு அறுபத்தாறு. கறுப்புப் பாவாடைக்கு மேல சிவப்புத் தொப்பி. நாய்கூட நம்பாது.

தெயோலிந்தா: போன வாரம் ஹாலந்துக்காரி ஒருத்தி வந்தாளே, எண்பது வயசாம். அவளப் பாத்து எந்த நாய் குரைச்சது?

ஃபெலிஸ்மினா: அவ முதுகுல சாமி இல்ல அண்ணி.

தெயோலிந்தா: ச்சூ! மெதுவா.

ஃபெலிஸ்மினா: யாரு கேக்கப் போறா, இந்தப் பாறைங்களா? ...பைய ஒரு தடவ திறந்து பாத்துக்கவா? பார்பரா அம்மாவுக்கு மூச்சு முட்டிடப் போகுது.

தெயோலிந்தா: நானூறு வருஷமா கண்ணாடிக் கூண்டுக்குள்ள இருந்தவ. ஒண்ணும் ஆகாது. நட.

ஃபெலிஸ்மினா: நாலு மணிக்கு மியூசியம் வண்டி வந்துடும்.

தெயோலிந்தா: வரட்டும். கோயில்ல பெட்டி தயாரா இருக்கு. எடுத்துக்கிட்டுப் போகட்டும்.

ஃபெலிஸ்மினா: வெறும் பெட்டியத் தூக்குனா தெரியாதா?

தெயோலிந்தா: வெறும் பெட்டின்னு யாரு சொன்னா? கனம் சரியா இருக்கும்.

ஃபெலிஸ்மினா: உள்ள என்ன வச்சீங்க?

தெயோலிந்தா: உனக்குத் தெரிய வேண்டாம். நீ பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட எல்லாத்தையும் கொட்டிடுவ.

ஃபெலிஸ்மினா: எனக்குப் பயமா இருக்கு அண்ணி. சிலைய மியூசியத்துக்குக் குடுக்கச் சொல்லி ஆயரே கையெழுத்துப் போட்ட கடிதம் அது...

தெயோலிந்தா: என்ன எழுதியிருந்தாரு, படிச்சியா? பதினொரு பேர் மட்டும் இருக்கற ஊர்ல இவ்வளவு பழைய சிலை இருக்கறது நல்லதில்லையாம். பதினொரு பேர் போதாதாம்! கால்பந்து ஆடப் பதினொரு பேர் போதும், ஒரு சாமிய வச்சுக்கப் போதாதா?

ஃபெலிஸ்மினா: அப்ப கோலுக்கு நீங்க நிப்பீங்களா?

தெயோலிந்தா: சிரிக்காத. தபாலாபீஸ மூடுனாங்க, சரின்னோம். பள்ளிக்கூடத்த மூடுனாங்க, சரின்னோம். பஸ்ஸ நிறுத்துனாங்க, அதுக்கும் தலையாட்டுனோம். ஆட்டி ஆட்டிக் கழுத்துதான் வலிச்சது. இவளத் தரமாட்டேன் ஃபெலிஸ்மினா. ஆகஸ்ட்ல பிள்ளைங்க பிரான்ஸ்லருந்து எதுக்கு வருது? உன் மூஞ்சியப் பாக்கவா? இவ ஊர்வலத்துக்கு வருது. இவ போயிட்டா அதுங்களும் வராது. அப்புறம் ஊருன்னு என்ன இருக்கு? கல்லுதான் இருக்கும்.

ஃபெலிஸ்மினா: ...அழறீங்களா?

தெயோலிந்தா: வேர்வை.

ஃபெலிஸ்மினா: சரி, ஒளிக்கறதுன்னு முடிவாச்சு. அதுக்கு லமெய்ராதான் கிடைச்சதா? நம்ம ஊர்வலத்துல கல்லெறிஞ்ச ஊரு அண்ணி! அம்மா கையில இருக்கற கோபுரம் அவனுங்க கல்லு பட்டுத்தான ரெண்டா உடஞ்சது?

தெயோலிந்தா: அதனாலதான் லமெய்ரா. நம்ம பெனெடோ ஊர்க்காரி லமெய்ராவுல கொண்டுபோய் வைப்பான்னு எவன் நினைப்பான்?

ஃபெலிஸ்மினா: யார் வீட்டுல?

தெயோலிந்தா: அந்தப் பாறையப் பாரு, சிவப்பும் மஞ்சளுமாக் கோடு போட்டிருக்கு. பாதை இந்தப் பக்கம்.

ஃபெலிஸ்மினா: பேச்ச மாத்தாதீங்க. யார் வீட்டுலன்னு... அண்ணி. அண்ணி!

தெயோலிந்தா: இப்ப என்ன?

ஃபெலிஸ்மினா: மேல பாருங்க. பாறை மேல ஒருத்தன் உக்காந்திருக்கான். போலீஸ் தொப்பி!

தெயோலிந்தா: நிக்காத. சிரிச்சுக்கிட்டே நட. பிரெஞ்சுல வணக்கம் சொல்லு.

ஃபெலிஸ்மினா: போ... போன் ஜூர்!

எவரிஸ்தோ: போன் ஜூர், ஃபெலிஸ்மினாக்கா. பிரான்சுக்கு எப்ப குடி போனீங்க?

தெயோலிந்தா: அட, நம்ம எவரிஸ்தோ! இசவுரா மவன்! போலீஸ்ல பெரிய ஆளுன்னாங்க, பாறையில உக்கார்ற வேலையா குடுத்தாங்க?

எவரிஸ்தோ: தீ பாக்கற வேலை பெரியம்மா. வெயிலும் காத்தும் எப்படி அடிக்குது, பாத்தீங்கல்ல? இன்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை. மலைப்பாதை எல்லாத்தையும் மூடியாச்சு. கீழ அவ்வளவு பெரிய போர்டு வச்சிருந்தோமே.

தெயோலிந்தா: கண்ணு தெரியல.

ஃபெலிஸ்மினா: கண்ணாடி கொண்டுவரல.

எவரிஸ்தோ: ரெண்டு பேருமேவா?

தெயோலிந்தா: ஒரே கண்ணாடிதான். மாத்தி மாத்திப் போட்டுக்குவோம்.

எவரிஸ்தோ: ...சரி. இங்க உங்களத் தனியா விட முடியாது. பக்கத்து ஊர் வரைக்கும் நானே கொண்டுபோய் விடணும். எங்க கிளம்புனீங்க?

தெயோலிந்தா: சும்மா ஒரு நடை. இப்ப எல்லாரும் நடக்கறாங்களே, உடம்புக்கு நல்லதாம்.

ஃபெலிஸ்மினா: லமெய்ராவுக்கு.

தெயோலிந்தா: ஃபெலிஸ்மினா!

எவரிஸ்தோ: எங்க ஊருக்கா? பெனெடோக்காரங்களக் கண்டா எங்க ஊர்ல கோழியக்கூடப் பிடிச்சு அடைப்பாங்களே! யார் வீட்டுக்கு?

தெயோலிந்தா: உங்கம்மா வீட்டுக்கு.

ஃபெலிஸ்மினா: என்னது!

எவரிஸ்தோ: எங்கம்மா வீட்டுக்கா? வாய்க்கால் தண்ணிச் சண்டையில எங்கம்மா உங்ககூடப் பேச்ச நிறுத்தி முப்பது வருஷம் ஆச்சு.

தெயோலிந்தா: போன ஞாயித்துக்கிழமை பேசிட்டா. போன்ல.

எவரிஸ்தோ: என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

தெயோலிந்தா: எல்லாத்தையும் போலீஸ்காரன்கிட்ட சொல்வாங்களா?

ஃபெலிஸ்மினா: போலீஸ்காரன் வீட்டுலயா... ஐயோ அண்ணி, எனக்குத் தலை சுத்துது.

தெயோலிந்தா: வெயில் அது. தண்ணியக் குடி, வாய மூடு.

எவரிஸ்தோ: அக்கா, அந்தப் பைய இப்படிக் குடுங்க. நான் தூக்கறேன்.

ஃபெலிஸ்மினா: வேண்டாம்!

தெயோலிந்தா: வேண்டாம் தம்பி!

எவரிஸ்தோ: ஏன், அப்படி என்ன இருக்கு அதுல?

தெயோலிந்தா: தேன்.

ஃபெலிஸ்மினா: துணி.

எவரிஸ்தோ: தேனா, துணியா?

தெயோலிந்தா: துணியில சுத்துன தேன். பாட்டில் உடஞ்சிடக் கூடாதுல்ல? உங்கம்மாவுக்குத்தான்.

எவரிஸ்தோ: எங்கம்மாவுக்குன்னா நான்தான தூக்கணும்? குடுங்க... அடேயப்பா! மலையில இருக்கற மொத்தத் தேனையும் எடுத்துட்டீங்களா? சரி, வாங்க. இங்கருந்து லமெய்ராதான் கிட்ட.

ஃபெலிஸ்மினா: இல்லையே, திரும்பிப் போனா பெனெடோ மூணு கிலோமீட்டர்தான். லமெய்ரா இன்னும் ஆறு... ஆ! எதுக்கு அண்ணி கால மிதிக்கறீங்க?

தெயோலிந்தா: தடுக்கிடுச்சு. போலீஸ்காரர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். நட.

எவரிஸ்தோ: பாத்து, பாத்து. இந்தப் பாறை வழுக்கும். குச்சிய அந்த இடுக்குல ஊனுங்க அக்கா. ஆங், அப்படித்தான்.

ஃபெலிஸ்மினா: தம்பி, நீயும் மெதுவா நட. பைய ஆட்டாத.

எவரிஸ்தோ: தேன் ஆடுனா என்ன?

ஃபெலிஸ்மினா: ...நுரைச்சிடும்.

எவரிஸ்தோ: ஓ. ...ஆமா பெரியம்மா, இன்னைக்கு உங்க ஊருக்கு மியூசியம் வண்டி வருதே, நீங்க இல்லாமயா?

தெயோலிந்தா: அதப் பாக்கப் பொறுக்கல. அதான் இப்படிக் கிளம்பிட்டோம்.

எவரிஸ்தோ: காலைல ஏழு மணிக்குப் பெட்டிக்குச் சீல் வச்சது நான்தான்.

ஃபெலிஸ்மினா: ஐயோ!

எவரிஸ்தோ: என்னக்கா?

ஃபெலிஸ்மினா: முள்ளு. முள்ளு குத்திடுச்சு.

தெயோலிந்தா: பெட்டியத் திறந்து பாத்தியா தம்பி?

எவரிஸ்தோ: ஆணி அடிச்ச பெட்டிய எதுக்குத் திறக்கணும்? "புனித பார்பரா சிலை, ஒன்று"ன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, அரக்கு வச்சுட்டு வந்துட்டேன்.

தெயோலிந்தா: நல்ல காரியம் பண்ணுன. பெட்டியத் திறந்தா அவளுக்குக் காத்துப் பட்டுடும்.

எவரிஸ்தோ: உங்களுக்குக் கோவம் இருக்குமே என் மேல.

தெயோலிந்தா: உன் மேல எதுக்கு? நீ சீல் வைக்கறவன். எடுக்கச் சொன்னவங்க யாரும் இந்த மலை ஏறி வரலையே. கடிதம் மட்டும்தான் ஏறி வந்துச்சு. ஒருத்தராவது எங்க வாசல்ல வந்து நின்னு, "தெயோலிந்தா, இவ உனக்கு யாரு"ன்னு கேட்டிருந்தா...

எவரிஸ்தோ: கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?

தெயோலிந்தா: மாட்டேன். ஆனா காப்பி குடுத்து அனுப்பியிருப்பேன்.

ஃபெலிஸ்மினா: அண்ணி, அங்க... கணவாய்ல ஒரு ஜீப் நிக்குது.

எவரிஸ்தோ: எங்க ஜீப்தான். நகரத்துலருந்து புது சார்ஜென்ட் வந்திருக்காரு. எல்லாரு பையையும் கொட்டிக் கவுத்துப் பாக்கறாரு. தீப்பெட்டி, கேஸ் அடுப்பு, ஏதாவது இருக்கான்னு.

ஃபெலிஸ்மினா: கொட்டிக் கவுத்தா? ஐயோ, என் மாதாவே...

தெயோலிந்தா: தம்பி, பைய இங்க குடு. நாங்க திரும்பிடறோம். முட்டி வலிக்குது எனக்கு.

எவரிஸ்தோ: இருங்க. வயர்லெஸ்ல கூப்பிடறாரு... ஆமா சார்ஜென்ட். பாத்துட்டேன். வயசான அம்மாங்க ரெண்டு பேரு, வழி தவறிட்டாங்க. ...ஆமா சார், என் பொறுப்புலதான் கீழ கூட்டிட்டுப் போறேன். ...பையா? நானே சோதிச்சுட்டேன். தேன் சார். ...இல்ல, துணியில சுத்துன தேன். ...எனக்கும் புதுசாத்தான் இருக்கு சார். சரி சார்.

தெயோலிந்தா: ...நீ பையத் திறக்கவே இல்லையே.

எவரிஸ்தோ: ஜீப்ப ஏறிட்டுப் பாக்காம நடங்க. கைய மட்டும் ஆட்டுங்க. அக்கா, போன் ஜூர் சொல்லிடாதீங்க.

ஃபெலிஸ்மினா: கைதான் ஆட்டறேன் தம்பி.

எவரிஸ்தோ: ...ம், தாண்டியாச்சு. இனி இறக்கம்தான். அதோ தெரியுது பாருங்க, தூண் மேல நிக்கற கல்லுக் களஞ்சியம். அதுக்குப் பக்கத்து வீடு எங்க வீடு.

தெயோலிந்தா: எவரிஸ்தோ. நில்லு.

எவரிஸ்தோ: வீடு வந்தாச்சு பெரியம்மா, இன்னும் பத்தடி.

தெயோலிந்தா: வாசப்படி ஏறுறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். பைக்குள்ள தேன் இல்ல.

ஃபெலிஸ்மினா: அண்ணி!

தெயோலிந்தா: சும்மா இரு. பொய் சொல்லி ஒரு வீட்டுக்குள்ள அவளக் கொண்டுபோக மாட்டேன். தம்பி, நான்தான் எடுத்தேன். திருடலன்னு சொல்லமாட்டேன், திருட்டுன்னும் சொல்லமாட்டேன். கேஸ் போடணும்னா என் பேர்ல போடு. இந்தா, கை. ஆனா ஒண்ணு. விட்டா மறுபடி எடுப்பேன். ஜெயில்லருந்து வந்தும் எடுப்பேன். இவ பேர மட்டும் எழுதாத, இவ பயந்தாங்கொள்ளி.

ஃபெலிஸ்மினா: யாரு பயந்தாங்கொள்ளி? பாதி மலை சுமந்தது நானு! என் பேரையும் எழுது தம்பி. ஃபெலிஸ்மினா, 'ஃ' போட்டு எழுது. முதல்ல என் பேர எழுது!

எவரிஸ்தோ: ஊரக் கூட்டாதீங்க ரெண்டு பேரும். ...பெரியம்மா, தேன் பாட்டில் எந்த ஊர்லயாவது முதுகுல குத்துமா? ஆறு கிலோமீட்டரா அந்தக் கோபுரம் என்னக் குத்திக்கிட்டே வந்துச்சு. ஒட்டுன இடம்கூட முதுகுல தெரியுது.

தெயோலிந்தா: உங்க ஊர்க்காரன் எவனோ எறிஞ்ச கல்லு...

எவரிஸ்தோ: எவனோ இல்ல. நான்தான். அப்ப எனக்குப் பத்து வயசு. உங்க கொடிய அடிக்கத்தான் எறிஞ்சேன், அவ மேல பட்டுச்சு. எங்கம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். பார்பரா அம்மா இடிக்குக் காவலாச்சே, முப்பத்தேழு வருஷமா ஒவ்வொரு இடிக்கும் என்ன ஒரு பார்வை பாப்பாங்க.

ஃபெலிஸ்மினா: அதான் இசவுரா ஒரே போன்ல சரின்னுட்டாளா!

எவரிஸ்தோ: அது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். உள்ள வாங்க. அலமாரிக்கு மேல தட்டு காலியாத்தான் இருக்கு. ஆகஸ்ட்ல ஊர்வலத்துக்கு நானே தூக்கிட்டு வரேன், எல்லைக்கல்லு வரைக்கும். அதுக்கப்புறம் உங்க பாடு.

தெயோலிந்தா: அப்ப... பைய முதுகுல மாட்டுனப்பவே உனக்குத் தெரிஞ்சிடுச்சா?

எவரிஸ்தோ: இல்ல பெரியம்மா, அதுக்கும் முன்னாடியே. உங்களுக்காகத்தான் அந்தப் பாறையில ஒன்பது மணிலருந்து உக்காந்திருந்தேன். அவளத் தூக்கிக்கிட்டு உங்க ஊர விட்டு நடக்க அந்த ஒரு பாதைதான இருக்கு.

ஃபெலிஸ்மினா: அப்ப எப்படித் தெரிஞ்சது? அண்ணி, பெட்டிக்குள்ள என்னதான் வச்சீங்க?

எவரிஸ்தோ: போன வருஷத்து உருளைக்கிழங்கு, அக்கா. ஒரு முளை பலகை இடுக்கு வழியா வெளிய எட்டிப் பாத்துச்சு. அதக் கிள்ளிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுத்தான் சீல் வச்சேன்.