அலமாரிக்குள் கேட்ட தட்டல்

இந்த வயதிலும் எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. பக்கத்து வீட்டில் குழாய் சொட்டினால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அந்த அலமாரிக் காட்சியை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். இவ்வளவு தூரம் வந்த பிள்ளைகளை ஏமாற்றி அனுப்ப மனம் வரவில்லை. சொல்கிறேன், கண்ணுகளா.

படத்துக்கு ஒலிப்பதிவு நான். கதாநாயகி என் தங்கை. கணவன் அவளை அலமாரியில் பூட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுகிறான். திரையில் மூடிய கதவு மட்டும்தான். "கண்ணுக்கு இமை இருக்கு. காதுக்கு ஏது?" என்பார் டைரக்டர். படம் முழுக்க அவர் பாணி அதுதான்.

மரப்பெட்டி என்பதால் உள்ளே எதிரொலித்தது. நான்தான் சுற்றிலும் கம்பளி வைத்து அடித்தேன். இடுக்குகளில் துணி திணித்தேன்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. அம்மா போன பிறகு மடியில் போட்டு முதுகு நீவியே அவளை வளர்த்தேன்.

"உள்ள மூச்சு முட்டுச்சுன்னா என்னக்கா பண்றது?"

"மூணு தடவை தட்டு. திறக்கச் சொல்றேன்."

"இத்தனை கம்பளிக்குள்ள தட்டினா யாருக்குக் கேக்கும்?"

"எனக்குக் கேக்கும். மைக் உன் தலைக்கு மேலதானே தொங்குது."

"பாம்புக் காதாச்சே உனக்கு. அதை நம்பித்தான் போறேன்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

ஆறு டேக் தேறவில்லை. "உன் தங்கச்சி நல்லா நடிக்கிறா. அதான் பிரச்சினை" என்றார் டைரக்டர். எனக்குச் சுருக்கென்றது. அவளை யாரும் குறை சொன்னால் எனக்குத் தாங்காது.

ஏழாவதில் அவள் மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. எனக்குப் பழகிய சத்தம். அதை யாராலும் நடிக்க முடியாது. டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் கட்டைவிரலை உயர்த்தினேன். ஒரு தட்டல் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. இன்னும் ஒரே ஒரு மூச்சு கிடைத்தால் போதும் என்று தோன்றியது. கணவனாக நடித்தவர் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் ஹெட்போனைக் கழற்றவில்லை.

கதவைத் திறந்தபோது கம்பளியில் முகம் புதைத்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவளை வண்டியில் ஏற்றினார்கள். நான் கூடப் போகவில்லை. ஒலி அறையில் வேலை இருந்தது.

மறுநாள் விசாரிக்க வந்தவர்கள் நாடாவைப் போட்டுக் கேட்டார்கள். இரண்டு தட்டல்தான் இருந்தது. பேசி வைத்தது மூன்று. இளைப்பு நோய் என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஒருவர் எனக்குத் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்தார். அந்தக் காட்சியே வேண்டாம் என்று டைரக்டர் அழுதார். "அவ கடைசியா செஞ்சது வீணாப் போகக் கூடாது" என்று நான்தான் கெஞ்சிச் சேர்க்க வைத்தேன். நீங்கள் கைதட்டுவது அதற்குத்தான்.

இதோ, இந்த டப்பாவில் இரண்டு முழ நாடா இருக்கிறது. அன்றைக்கு ஒலி அறையில் பிளேடு வைத்து நான் வெட்டி எடுத்தது. உங்களுக்கு இளங்காது. கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். இத்தனை வருஷமாகப் போட்டுப் போட்டுக் கேட்கிறேன். எனக்கென்னவோ அந்த மூன்றாவது, மரம் நெரிகிற சத்தம் மாதிரிதான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிற நான்காவதும் ஐந்தாவதும்கூட.